பொரிய மறுத்த சோளம்

மூடிமேல் என் கை இருந்தது. கைக்குக் கீழே அலுமினியச் சட்டி. சட்டிக்குள் இரண்டு கைப்பிடி சோளம், ஒரு கரண்டி எண்ணெய். சிலமலை சமுதாயக்கூடத்தில் முப்பது பெண்களுக்குக் குறையாமல் சுற்றி உட்கார்ந்து, சட்டியையே கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டி பேசவில்லை.

எண்ணெய் புகைந்தது. கருகல் வாடை கிளம்பியது. எங்கோ மூலையில் ஒரே ஒரு 'டப்'. பிறகு அதுவும் இல்லை.

மூடியைத் திறந்தேன். ஒரு சோளம் மட்டும் பாதி வாயைத் திறந்து, சொல்ல வந்ததை மறந்துபோன ஆள் மாதிரி நின்றிருந்தது. மற்றதெல்லாம் கறுத்த மணிகள்.

"ஏத்தா ஈசுவரி, பொரி திங்கக் கூப்பிட்டுட்டு பல்லு வெளக்கக் கரி குடுக்குறியே!" என்றார் பேச்சியக்கா. மகளிர் குழுவுக்குத் தலைவி அவர்தான். கூடமே சிரித்தது.

ஈசுவரி என் மதினி. அண்ணன் மனைவி. அவர் சிரிக்கவில்லை. சட்டியையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

மதினி என்னை இரண்டு விதமாகக் கூப்பிடுவார். மனசு குளிர்ந்திருந்தால் 'தம்பி'. இல்லையென்றால் 'கொழுந்தனாரே'. அன்று கூடத்தை விட்டு வெளியே வந்ததும் கேட்டார்.

"கொழுந்தனாரே, நல்லாயிருந்த எஞ் சோளத்த என்ன செஞ்சீக?"

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில், மலைமேல் நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோரைப் பற்றி உங்களிடம் பெருமையாகவே எழுதி வந்திருக்கிறேன். அந்தப் பெருமை ஒரு சட்டிக்குள் கருகிய கதை இது.

காத்தைத் தின்னச் சொன்னவர்

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் விடிவதற்குள் ஜீப்பில் ஏறி, போடி, முந்தல் தாண்டி மலைக்குப் போய்விடுவார்கள். ஏலக்காய் எடுக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும், ஏலச்செடி காயைக் காலடியில்தான் வைத்திருக்கும். தூக்குவாளிச் சோறு மதியத்துக்கு. பதினொரு மணிக்கு வரும் பசிக்கு? கடையில் சரம் சரமாகத் தொங்கும் எண்ணெய்ப் பலகாரப் பாக்கெட்டுதான்.

மதினியும் பல வருசம் அந்த ஜீப்பில் போனவர். ஒரு நாள் பேச்சியக்காவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நர்சம்மா வடை வேண்டாம், மிக்சர் வேண்டாம், இனிப்பு வேண்டவே வேண்டாம் என்று அடுக்கிவிட்டார். பேச்சியக்கா ஜீப்பில் உட்கார்ந்து புலம்பியிருக்கிறார்.

"எண்ணெயும் ஆகாது, சீனியும் ஆகாதுன்னா நான் காத்தைத்தான்டி திங்கணும்."

மதினி சும்மா இருப்பாரா? "காத்தையே தர்றேங்க்கா. சோளத்துல சுத்தித் தர்றேன், தின்னுங்க."

ஜனங்கள் போகிற போக்கில் சொல்கிற சொல்லைப் பொறுக்கிச் சேர்த்து வைப்பது என் பழக்கம். இந்தச் சொல்லை நான் அன்றைக்கே முடிந்து வைத்துக்கொண்டேன். ஆனால் மதினி அதைச் சொல்லோடு விடவில்லை.

அண்ணனின் நிலம், வழக்கமாகக் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடும் நிலம். அந்த வெள்ளாமைக்கு பாப்கார்ன் சோளம் விதைத்தார். சின்னக் கதிர், சின்ன மணி. கண்ணாடி மாதிரி தோல். கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் உப்பு, மஞ்சள்தூள். தின்றால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், கனக்காது. நார்ச்சத்து உண்டு. ஒரு கையால் காய் எடுத்துக்கொண்டே மறுகையால் வாயில் போடலாம். குழுவே சேர்ந்து பொரித்து, ஜீப்பு ஸ்டாண்டில் பொட்டலம் போட்டு விற்பது என்று திட்டம். குழு சம்மதிக்க வேண்டும். அதற்குத்தான் அந்தக் கூடம், அந்தச் சட்டி.

அண்ணன் விதைக்கிறபோதே சிரித்தார். "தேவாரம் பக்கம் வெள்ளாமைய மேயிற ஆனைக்குத் தெரிஞ்சா ஜோடியா வந்து, பொரி வாங்கிக்கிட்டு சினிமாப் பாக்கப் போகும்." ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு சொல் வைத்தார்.

"ஒத்த வெள்ளாமை. குழுக்காரங்க எடுத்துக்கிட்டாச் சரி. இல்லேன்னா மூட்டைய எல்லாம் கோழித் தீவன லாரியில ஏத்திருவேன். அதுக்குப் பெறகு இந்த நெலத்துல என்ன போடணும்னு நீ வாயத் தெறக்கக் கூடாது."

மதினி தலையாட்டினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நிலத்தில் களை எடுத்தவர் அவர். என்ன விதைப்பது என்று அவர் சொல்லி நடந்தது அந்த ஒரு தடவைதான். பணயம் அதுதான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் பெய்த மழை

பாப்கார்னை நான் முதலில் பார்த்தது போடியில், ஒரு திருவிழாவின்போது. இளவட்ட வயது எனக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் தொங்கியது. திடீரென்று அது நிரம்பி வழிந்து, பெட்டிக்குள் வெள்ளையாக மழை பெய்தது.

நான் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். ராட்டினத்தில் ஏறப்போன கூட்டாளிகள் திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றேன். "மாப்ளே, பொரிக்காரன் பொண்ணு தருவான்னு நிக்கிறியா?" என்று கேலி செய்தார்கள்.

அது ஏதோ மிஷின் செய்கிற வித்தை என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். வித்தை மணிக்குள் இருக்கிறது என்று தெரிய எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

என் காது செய்த பிழை

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. களத்தில் போட்டால் மாலைக்குள் நனைகிறது. மதினி ஒரு கைப்பிடியைப் பொரித்துப் பார்த்தார். பாதிதான் பொரிந்தது, அதுவும் சவசவ என்று. விதைக் கடையில் கேட்டதற்கு, "ஈரமா இருக்கும்மா, நல்லாக் காய விடுங்க" என்றிருக்கிறார்கள்.

காய வைப்பதா? அது என் சோலியாயிற்றே!

"மதினி, மூட்டைகள ஜீப்புல ஏத்தி மேல அனுப்புங்க. மொதலாளிகிட்டக் கேட்டுக்கிர்றேன். இந்த வாரம் டிரையர் காலியாத்தான் கெடக்கு. வெரசா காய வச்சுத் தர்றேன்" என்று வலியப் போய்ச் சொன்னவன் நான்தான்.

ஏலக்காய் ஸ்டோர் என்பது வெறும் கிட்டங்கி இல்லை. பச்சைக்காயைக் கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, சூட்டுக் காற்றில் ஒரு நாள் போலக் காய வைக்கிற இடம். சூடு கூடினால் நிறம் போகும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். காய்ந்த காயைத் தட்டில் குலுக்கினால் கலகலவென்று ஒரு ஓசை வரும். அந்த ஓசை வந்தால்தான் நான் தட்டை இறக்குவேன். கருவி வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. எனக்கு என் காது போதும்.

ஈரம் எங்கள் எதிரி. இருபத்தைந்து வருசத்துக்கு மேல் அதை விரட்டித்தான் நான் சோறு தின்றிருக்கிறேன்.

மதினியின் சோளத்தையும் அப்படியே விரட்டினேன். ஒரு நாள் போதாது, விதை கெட்டி என்று இன்னும் அரைநாள் சேர்த்து விட்டேன். இறக்கும்போது தட்டு சலங்கை மாதிரி ஒலித்தது. பெருமை தாங்கவில்லை. மதினிக்குப் போன் போட்டு, தட்டை ஆட்டிக் காட்டினேன்.

"கேட்டீகளா மதினி?"

"கேட்டுச்சு தம்பி. கொலுசு மாதிரி இருக்கு."

அந்தக் கொலுசுதான் கூடத்தில் ஊமையாகிப் போனது.

பனி உட்கார்ந்த அறை

கூடத்தில் அவமானப்பட்ட ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்குக் கிளம்பும்போது, மதினி ஒரு துணிப்பையில் சோளத்தைப் போட்டுக் கையில் திணித்தார்.

"நீங்களே வச்சுத் தின்னுங்க கொழுந்தனாரே. பல்லு கெட்டியா இருந்தா."

அண்ணன் அதற்குள் தீவன வியாபாரியிடம் பேசிவிட்டார். லாரி வர மூன்று வாரம் ஆகும்.

என் அறை ஸ்டோருக்குப் பின்னால். தகரக் கூரை, ஒரு ஜன்னல். அதன் கதவு சரியாக மூடாது. பையை வாய் திறந்தபடி ஜன்னல் விளிம்பில் வீசிவிட்டு, அதைப் பார்க்கவே கூடாது என்று இருந்தேன்.

பிறகு பனிமூட்டம் இறங்கியது. மேலே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பருவத்தில் பனி கேட்காமல் அறைக்குள் வந்து விருந்தாளி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உப்பு ஜாடியில் உப்பு கரைந்து ஒழுகும். தீப்பெட்டி பற்றாது. துவைத்த சட்டை மூன்று நாள் ஆனாலும் ஈரவாடை அடிக்கும்.

பத்து நாள் இருக்கும். ஒரு சாயங்காலம், டீக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. எனக்கும் சர்க்கரை உண்டு, பிஸ்கட்டை நிறுத்தியாகிவிட்டது. பை கண்ணில் பட்டது. கோபமா, பசியா, தெரியவில்லை. ஒரு கைப்பிடியைச் சட்டியில் போட்டு, தட்டால் மூடினேன். கருகினால் கருகட்டும்.

'டப்.'

திரும்பிப் பார்த்தேன்.

'டப். டப்டப்.' பிறகு எண்ண முடியவில்லை. தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி சட்டி அதிர்ந்தது. தட்டு மேலே எழும்பி ஒரு பக்கம் சரிந்தது. வெள்ளை வெள்ளையாகத் தரையெல்லாம் தெறித்தது.

ஸ்டோரில் இருந்து தங்கச்சன் ஓடி வந்தார். என்னோடு வேலை பார்ப்பவர், அடிமாலிக்காரர்; பேச்சில் மலையாளம் கலக்கும்.

"எந்தா அண்ணே, கூரை ஷீட்டு பொட்டித் தெறிச்சுப் போச்சா?"

அடுப்பைக்கூட அணைக்கவில்லை. அவர்தான் அணைத்தார்.

அதே சோளம். அதே மாதிரிச் சட்டி. அதே எண்ணெய். அங்கே செத்துக் கிடந்தது, இங்கே எப்படி உயிர் வந்தது? தங்கச்சன் தின்றுகொண்டே இருந்தார். நான் ஒழுகிய உப்பு ஜாடியைப் பார்த்தேன். பற்றாத தீப்பெட்டியைப் பார்த்தேன். பிறகு ஜன்னலைப் பார்த்தேன்.

பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

உப்புக்குள் போன பனி சோளத்துக்குள் போகாதா?

அப்போதுதான் பிடிபட்டது. பொரிவது சோளம் இல்லை, அதற்குள் இருக்கும் தண்ணீர்! அந்தக் கெட்டித் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஈரம் அடைந்து கிடக்கிறது. சூடு ஏற ஏற அது ஆவியாகி வழி தேடுகிறது. தோல் விடுவதில்லை. கடைசியில் தாங்க மாட்டாமல் வெடித்து, உள்ளே இருந்த மாவு பூவாக வெளியே வந்துவிடுகிறது. நான் அந்தத் தண்ணீரைத்தான் ஒன்றரை நாள் சூடுவைத்து விரட்டியிருக்கிறேன். சோளத்தில் ஒரு குறையும் இல்லை. வெடிக்க உள்ளே ஆள் இல்லை.

ஒரு பொரியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்ட மாதிரி இருந்தது. உள்ளே இருந்தது எல்லாம் வெளியே. வெளியே இருந்த தோல் நடுவில் சின்னப் பொட்டாக. கூரையை உடைக்கிற பலம் ஒரு மணிக்குள் இருக்கும் துளி ஈரத்துக்கு. இத்தனை வருசம் ஈரத்தை விரட்டியவனுக்கு அதன் முகத்தை அன்றைக்குத்தான் காட்டினார்கள். யார் காட்டினார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குக் கைகூப்பத் தோன்றியது. கூப்பினேன்.

"அண்ணே, சோளப்பொரிய யாராச்சும் கும்புடுவாங்களா?" என்றார் தங்கச்சன்.

மூன்று பாட்டில், ஒரு டிரம்

மறுநாளே லீவு சொல்லிவிட்டு இறங்கினேன். மதினி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். செய்தது நான்தான், என் டிரையர்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு பனி சொன்னதைச் சொன்னேன்.

மதினி வாளியைக் கீழே வைத்தார்.

"அப்ப எல்லா மூட்டையையும் ஒங்க ரூமுக்கு ஏத்தணுமாக்கும்?"

"எடம் பத்தாது மதினி. லாரி வர்றதுக்குள்ள ஆகாது."

கொஞ்ச நேரம் யோசித்தார். "பனின்னா என்ன, தண்ணிதான? அத இங்கன நம்மளே குடுப்போம். ஆனா ஊத்தக் கூடாது. அதுவாக் குடிக்கணும்."

மூன்று ஊறுகாய்ப் பாட்டில்களைக் கழுவித் துடைத்தார். மூன்றிலும் சோளம். ஒன்றில் ஒரு சின்னக் கரண்டி தண்ணீர், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. மூடி இறுக்கி, வருகிறபோது போகிறபோதெல்லாம் குலுக்கினார். "கைப்புள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுற மாதிரில்ல ஆட்டுறா" என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் பொரித்தோம். ஒரு கரண்டிப் பாட்டில் பாதி பேசியது. மூன்று கரண்டிப் பாட்டிலில் புளித்த வாடை. இரண்டு கரண்டி மட்டும் வாய் நிறையச் சிரித்தது.

மதினி ஒன்றை வாயில் போட்டு மென்றார். "மொளைக்காமலே பூத்துருச்சு பாருங்க தம்பி" என்றார்.

தம்பி! அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இறங்கி வந்திருந்தேன்.

அதே கணக்கில் நீல டிரம்களில் சோளத்தைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மூடி, காலையும் மாலையும் முற்றத்தில் உருட்டினோம். எல்லாம் சரியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். டிரையரில் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த தட்டுகளின் சோளம் தோலே வெடிப்பு விட்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தும் அது வாய் திறக்கவில்லை. ஓட்டை வழியாக ஆவி போய்விடுகிறது போல. அதில் இரண்டு மூட்டை கோழிக்கே போனது. அது என் கணக்கில் இருக்கிறது, இன்றைக்கும்.

லாரி நின்ற காலை

லாரி சனிக்கிழமை வந்துவிட்டது. டிரம்மில் இருந்ததை மதினி மூட்டை பிடித்து முடித்திருந்தார். ஆனால் முழுசாகப் பொரித்துப் பார்க்கவில்லை. அடுத்த குழுக் கூட்டமோ மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் சுமைதூக்குபவர்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நாலு மூட்டை லாரியில் ஏறிவிட்டது.

மதினி குறுக்கே போய் நின்று கத்தவில்லை. முற்றத்தில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். வீட்டில் இருப்பதிலேயே பெரிய சட்டியை ஏற்றினார். பேச்சியக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. கரின்னா நீங்க சிரிச்சுக்கங்க, நான் மூட்டைய ஏத்தி விட்டுர்றேன்."

பேச்சியக்கா தனியாக வரவில்லை. தெருவே வந்தது.

அண்ணன் லாரியில் ஏற்றிய மூட்டைகளில் ஒன்றைத் தானே பிரித்து, தானே இரண்டு கை அள்ளிச் சட்டியில் போட்டார். "இதப் பொரி. நீ எடுத்து வச்சதெல்லாம் வேணாம்."

மூடியை நான் பிடித்தேன். கூடத்தில் நின்ற அதே நிற்பு. அதே சூடு.

எண்ணெய் சீறியது. லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். மதினி என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே உச்சியில் பனி படுத்துக் கிடந்தது.

என் உள்ளங்கையில் ஒரு தட்டு. கதவுக்குப் பின்னால் இருந்து யாரோ தட்டுகிற மாதிரி.

இன்னொரு தட்டு. பிறகு சடசடவென்று தொடங்கியது. மூடி என் கையைத் தூக்கியது. அழுத்தினேன், மறுபடியும் தூக்கியது. விலகிய மூடிக்கு அடியில் வெள்ளை பொங்கி, விளிம்பு தாண்டி, முற்றத்து மண்ணில் உருண்டது. கோழிகள் பறந்து ஓடின. பேச்சியக்கா சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி! ஆத்தாடி!" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

ஓய்ந்ததும் ஒன்றை ஊதி வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று. பிறகு மதினியிடம் திரும்பினார்.

"காத்தைச் சுத்தித் தர்றேன்னு அன்னைக்கு ஜீப்புல சொன்னேல்ல. இதானாடி அது?"

"அதான்க்கா."

"நாளைக்குக் கூட்டத்துல நான் பேசிக்கிர்றேன். நீ சட்டிய மட்டும் கொண்டா."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் சட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, பொரியாமல் அடியில் கிடந்த ஒரு மணியையும் பொரிந்த ஒன்றையும் எடுத்து, ஒரே உள்ளங்கையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எங்கள் அப்பா காலத்திலிருந்து களத்தில் தானியம் காய வைத்த கை அது. நனையாமல் காப்பதைத் தவிர வேறு கவலை அறியாத கை.

எழுந்தார். தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லாரிப் பக்கம் போனார்.

"எறக்குங்கப்பா. நாலு மூட்டையையும் எறக்குங்க."

இறக்கினார்கள். முற்றத்தில், நல்ல வெயில் அடிக்கிற இடமாகப் பார்த்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி முதல் மூட்டையை வைத்தார்கள்.

அண்ணன் ஓடிப் போய் மூட்டையின் காதைப் பிடித்தார்.

"ஏப்பா, ஏப்பா! வெயில்ல வைக்காதீங்க. நெழலுக்குக் கொண்டு போங்க. உள்ள ஈரம் இருக்குப்பா, போயிரப் போகுது."